தடைக்காலத்துப் பந்து

பந்து என் கையுறையில் வந்து விழுந்த சத்தத்தில், மைதானத்து ஓரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. கருக்களாச்சேரிக் கடற்கரையை ஒட்டிய பொட்டல் அது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பெண்கள் பேஸ்பால் அணி அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தது. யாரோ அடித்த பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து, கருவாடு காயப்போட்டிருந்த இடத்தில் போய் விழுந்துவிட்டது. எடுத்து வர ஓடிய கல்லூரிப் பெண் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டாள். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி குனிந்து பந்தை எடுத்தார், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார், எறிந்தார். அந்தத் தூரத்திலிருந்து எங்களில் யார் எறிந்தாலும் பந்து மூன்று முறை தரையில் குத்தி, கடைசியில் உருண்டுதான் வரும். இது எங்குமே தரையைத் தொடவில்லை. ஓடிய பெண்ணின் தலைக்கு மேலே, நடுவில் நின்றவளின் காதுக்குப் பக்கத்தில், நூல் பிடித்தாற்போல் நேராக வந்து என் கையில் இறங்கியது. அன்று முழுக்க என் உள்ளங்கை வீங்கியிருந்தது. எங்கள் பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார்.

பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் அப்போது கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து இரண்டு வருடம். வயது இருபத்தேழு. விளையாட்டில் எனக்குப் பெரிய திறமை கிடையாது. மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் மாட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எறிகிறவர் எறியும் பந்துகளையெல்லாம் பிடிக்கும் வேலைக்கு வேறு யாரும் முன்வராததால் அது எனக்கு வந்தது. அணியில் அரசு மருத்துவமனை நர்சுகள் இரண்டு பேர், பெரிய பள்ளிவாசல் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த ஒருவர், மற்றவர்கள் கல்லூரிப் பெண்கள். பி.டி. மாஸ்டர் ஓர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர். எங்கேயோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். 'கிரிக்கெட்டுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க, இதுக்கு நீங்கதான் இருக்கீங்க' என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். காரைக்கால், நெடுங்காடு, நாகப்பட்டினம், திருவாரூர் என்று நான்கு அணிகளைச் சேர்த்து, அந்தக் கோடையில் ஒரு லீக் நடத்த ஏற்பாடு செய்ததும் அவர்தான். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளோடு இரண்டு முறை ஆட வேண்டும். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு இறுதி ஆட்டம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், சில வாரம் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அதனால் நான் மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசையை விட்டுச் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு மாறினேன். 'ஊரே கோயிலுக்குப் போற நேரத்துல நீ கையில தோல் பையை மாட்டிக்கிட்டு எங்கடி போற?' என்று அம்மா வாசல் வரை வந்து கேட்பார்.

அன்று பயிற்சி முடிந்ததும் மாஸ்டரும் நானும் கருவாடு காயும் இடத்துக்கு நடந்தோம். பெண்மணிக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, காரைக்கால் அங்காடியில் விற்கிறவர். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். எங்கள் அணியில் வந்து ஆடுங்கள் என்று மாஸ்டர் சொன்னதும் அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு எதுக்கு சார் இந்த வெளையாட்டு? ஏதோ பந்து வந்துச்சு, தூக்கிப் போட்டேன்."

"எப்படிம்மா அப்படிப் போட்டீங்க? எங்கயாவது கத்துக்கிட்டீங்களா?"

"கயிறு எறிஞ்ச கைதான். சின்ன வயசுல எங்க அப்பா படகு அலைக்குள்ள வர்றப்ப கரையிலேருந்து கயித்த எறிவேன். நம்ம எறியுற நேரத்துல படகு ஒரு எடத்துல இருக்கும், கயிறு போய்ச் சேர்றப்ப இன்னொரு எடத்துல இருக்கும். ரெண்டாவது எடத்தப் பாத்து எறியணும். அவ்வளவுதான்."

மாஸ்டர் கையிலிருந்த பந்தை அவரிடம் நீட்டினார். பிறகு, தடைக்காலம் முடியும்வரை வந்தால் போதும் என்றார். அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஏலம் இருக்காது, விற்க மீன் இருக்காது. அக்கா யோசித்தார். நாங்கள் எல்லோரும் அவரை அன்றிலிருந்து அக்கா என்றுதான் அழைத்தோம். "தடைக்காலம் முடிஞ்ச அன்னிக்கு நான் ஏலத்துல நிக்கணும். அப்பறம் என்னைக் கூப்பிடக் கூடாது" என்றார். அதுதான் ஒப்பந்தம். அடுத்த ஞாயிறு, நர்சு ஒருவர் கொடுத்த டிராக் பேண்டும் கணவருடைய முழுக்கைச் சட்டையுமாக, வெட்கத்தில் தலையைக் குனிந்தபடி வந்து நின்றார். சட்டையில் டீசல் வாசனை அடித்தது.

முதல் ஆட்டம் நெடுங்காட்டோடு. அறுவடை முடிந்த வயலையொட்டிய திடலில், வரப்பில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்: எறிகிறவர் வீசும் பந்தை மட்டைக்காரர் மூன்று முறை தவறவிட்டால் வெளியேற வேண்டும். அன்று வெளியேறியவர்களில் பாதிப் பேர் மட்டையைச் சுழற்றவே இல்லை. அக்காவின் கை பின்னால் போவதுதான் தெரியும். அடுத்து என் கையுறையில் சத்தம். மட்டையோடு நின்ற ஒரு பெண் திரும்பி என்னிடம், "போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். நான் கையுறையைத் திறந்து பந்தைக் காட்டினேன். அவளும் நானும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அவள் எதிரணி என்ற நினைப்பே எனக்கு அந்த நேரத்தில் இல்லை.

வேகம் மட்டும் என்றால் இவ்வளவு நாள் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பந்தை எப்படிப் பிடித்தால் அது எப்படித் திரும்பும் என்று மாஸ்டர் ஒரு நாள் காட்டிக்கொடுத்தார். அக்கா அதை வாங்கி விரலுக்குள் உருட்டிப் பார்த்தார், தையலைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு வாரத்தில் மூன்று விதமான பந்துகள் அவர் கையில் இருந்தன. எறிகிறவருக்கும் பிடிக்கிறவருக்கும் இடையே விரல்களால் ரகசிய சைகை காட்டுவது இந்த விளையாட்டின் வழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று என்ற அந்தக் கணக்கு அக்காவுக்கு மனதில் நிற்கவில்லை. அதனால் கடலில் கிடைப்பவற்றின் பெயர்களை அவரே வைத்தார். அம்பாகப் பாய்வது சீலா. கடைசி நேரத்தில் பக்கவாட்டில் நகர்வது நண்டு. நெஞ்சு உயரத்தில் வந்து, மட்டை நெருங்கும்போது மணலுக்குள் புதைவது போல் கீழே இறங்குவது திருக்கை. நான் பின்னாலிருந்து 'அக்கா, நண்டு!' என்று கத்துவேன். நெடுங்காட்டுக்காரர்களும் திருவாரூர்க்காரர்களும் அது ஏதோ எங்கள் அணியின் உற்சாகக் கூச்சல் என்று நினைத்தார்கள்.

நாகப்பட்டினம் அணியிடம் அது பலிக்கவில்லை. அவர்களுடைய கேப்டன் உயரமான பெண், இடதுகைப் பழக்கம். அவளும் கடற்கரைக் குடும்பம்தான். இரண்டு பந்துகளைச் சும்மா விட்டுப் பார்த்தாள். மூன்றாவதற்கு நான் கத்தியதும் என் பக்கம் தலையைச் சாய்த்து, "நண்டு குறுக்கால தானே போகும்?" என்று சிரித்தாள். பந்து அவள் எதிர்பார்த்த இடத்துக்கே நகர்ந்தது. அவள் அடித்த அடியில் அது மைதானத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, ஒரு வைக்கோல் போருக்குள் போய் விழுந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபடியே, "அவ கெட்டிக்காரி" என்றார். குரலில் கோபம் இல்லை, சந்தோஷம் இருந்தது. தனக்கு நிகரான ஒருத்தியைப் பார்த்துவிட்ட சந்தோஷம் என்று இப்போது புரிகிறது. அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. காதைத் தொட்டால் நண்டு, மூக்குத்தியைத் தொட்டால் திருக்கை, எதையும் தொடாவிட்டால் சீலா என்று அக்காவே எனக்குச் சைகை காட்டத் தொடங்கினார்.

அவருடைய கணவர் மூன்றாவது ஆட்டத்துக்கு வந்தார். மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். ஊரில் சிலர் பேசிக்கொள்வது எங்கள் காதுக்கும் வந்திருந்தது: கட்டிக்கொடுத்த பெண் பேண்ட் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பந்து விளையாடப் போகிறாள் என்று. அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நாங்கள் பயந்தோம். ஆட்டம் முடிந்ததும் எங்கள் பக்கம் வந்து, மாஸ்டரிடம், "சார், இவ்வளவு வருசமா இவகூட சண்ட போட்டிருக்கேன். நல்ல வேள, இவ எதையும் என்மேல தூக்கி எறியல" என்றார். அக்கா அவரை முறைத்தார். அன்றைக்கு நாங்கள் சிரித்த மாதிரி அந்த மைதானத்தில் வேறு என்றும் சிரித்ததில்லை. அடுத்த வாரம் முதல் கருக்களாச்சேரியிலிருந்து ஒரு டாட்டா ஏஸ் வண்டி நிறையப் பெண்கள் ஆட்டம் பார்க்க வந்தார்கள். விதி எதுவும் தெரியாது. என் கையுறையில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தட்டினார்கள்.

இறுதி ஆட்டம் தடைக்காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு ஞாயிறு கோடை மழையில் மைதானம் குளமாகிவிட்டது. இன்னொரு ஞாயிறு அம்பகரத்தூர் அம்மன் கோயில் திருவிழா; பஸ் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. தள்ளித் தள்ளி, கடைசியில் நாகப்பட்டினத்தோடு நாங்கள் மோத வேண்டிய நாள், தடை நீங்கிப் படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும் ஞாயிற்றுக்கிழமையாக வந்து நின்றது. தடைக்குப் பிறகு முதல் மீன் வரும் நாள் அது. வெளியூர் வியாபாரிகளெல்லாம் துறைமுகத்தில் வந்து நிற்பார்கள். இரண்டு மாதம் வெறும் கூடையோடு இருந்த பெண்கள் விடிவதற்கு முன்பே இடம் பிடிப்பார்கள். மாஸ்டர் தேதியை மாற்றக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அக்கா எங்களிடம் வந்து, "நான் மொதல்லயே சொல்லியிருக்கேன்ல?" என்றார். சொல்லியிருந்தார். நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை.

ஞாயிறு காலை காரைக்கால் மைதானத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி எங்களுக்காக எறிந்தாள். பாவம், பாதிப் பந்துகள் எனக்கு எட்டாமலே போயின. ஏழு சுற்று ஆட்டத்தில் இரண்டு சுற்று முடிவதற்குள் நாகப்பட்டினம் இரண்டு ஓட்டம் எடுத்துவிட்டது. மூன்றாவது சுற்று தொடங்கும்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினார். மீன் எடுக்கப் போகிற புடவைக்கு மேலேயே கணவரின் சட்டையை மாட்டியிருந்தார். "காத்து திரும்பிடுச்சாம், படகு கரை வர மதியம் ஆகும்னு சொல்றாங்க. சும்மா அங்க உக்காந்திருக்க முடியல" என்று சொல்லி, தன் செல்போனை மாஸ்டரிடம் கொடுத்தார். "கரையேறினதும் அவரு பேசுவாரு. இது அடிச்சா என்கிட்ட குடுங்க சார். மறைக்கக் கூடாது." மாஸ்டர் அதைப் பூசை மணியைப் போல உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் முழுதாக நம்பியதில்லை. ஆறாவது வரை நான்கு சுற்றுகள். நாகப்பட்டினத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மட்டையில் பந்து படும் சத்தம் அந்த நான்கு சுற்றில் ஒரே ஒரு முறை கேட்டது, அதுவும் உரசல். புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகியிருந்த ஒரு மீன்காரப் பெண்மணி, வெயிலில், ஒரு மண்மேட்டின் மேல் நின்றுகொண்டு காற்றையே தன் சொல்படி வளைத்துக்கொண்டிருந்தார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வது தவறு. நான் கையை நீட்டியிருந்தேன், பந்து வந்துகொண்டிருந்தது. பூசையில் மணியடிக்கும்போது தலை தானாகக் குனியுமே, அப்படி என் கை தானாக மூடிக்கொண்டது. ஐந்தாவது சுற்றில் தையல் கடைக்காரர் அடித்த ஓர் அடியில் எங்களுக்கு மூன்று ஓட்டம் வந்தது. ஒரு ஓட்டம் முன்னிலை.

ஏழாவது சுற்று. அவர்களுக்கு இரண்டு பேர் வெளியேறியாகிவிட்டது. உருண்டு வந்த பந்தை எங்கள் பெண் ஒருத்தி நழுவவிட்டதில் ஓடத் தொடங்கிய ஒருத்தி, அடுத்து நடந்த குழப்பத்தில் மூன்றாவது பேஸ்வரை வந்து நின்றாள். அங்கிருந்து மட்டைக்காரர் நிற்கும் இடத்துக்கு ஓடி வந்துவிட்டால் ஓர் ஓட்டம், ஆட்டம் சமம். மட்டையோடு வந்தவள் அந்த இடதுகைக் கேப்டன். சீலா ஒன்று, விட்டாள். நண்டு ஒன்று, அதை உரசினாள். உரசலும் தவறுதான் என்பதால், இரண்டு தவறு. இன்னும் ஒன்று வேண்டும். அப்போது மாஸ்டரின் கையில் போன் அடித்தது.

அவர் மறைத்திருக்கலாம். அந்த இரைச்சலில் அக்காவுக்குக் கேட்டிருக்காது. மாஸ்டரின் முகத்தில் அந்த ஆசை தெரிந்தது. ஆனால் கையை உயர்த்தினார். அக்கா நடுவரிடம் "ஒரு நிமிசம் சார்" என்று சொல்லிவிட்டு, மேட்டிலிருந்து இறங்கி நடந்துபோய் போனை வாங்கினார். "ஏம்மா, இது என்ன சந்தையா?" என்று நடுவர் கத்தினார். மைதானமே அமைதியாகிவிட்டதால் அக்கா பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"வந்துட்டீங்களா? நல்லா இருக்கீங்களா? எல்லாரும் வந்தாச்சா? ... மைதானத்துலதான் இருக்கேன் ... ஒரு பந்து இருக்கு. போட்டுட்டு வர்றேன்."

ஒரு பந்து. அப்படித்தான் சொன்னார். மட்டைக்காரி ஆறேழு பந்துகூடத் தாக்குப்பிடிக்கலாம், ஓங்கி அடித்து ஆட்டத்தையே மாற்றலாம் என்ற எண்ணமெல்லாம் அவர் குரலில் இல்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு வருகிறேன் என்பதுபோல் இருந்தது. கேப்டனுக்கும் அது கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு மட்டையை இறுக்கினாள். அக்கா மேட்டில் ஏறி, என்னைப் பார்த்து மூக்குத்தியைத் தொட்டார். நான் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தேன். திருக்கை தரைக்கு இறங்கும் பந்து. நான் தவறவிட்டால் அது பின்னால் ஓடும். மூன்றாவது பேஸில் நிற்பவள் வந்துவிடுவாள். சீலா போதுமே என்று மனதுக்குள் கெஞ்சினேன். பந்து நெஞ்சு உயரத்தில் மெதுவாக, கிடைக்கும் கிடைக்கும் என்று ஆசை காட்டிக்கொண்டு வந்தது. கேப்டன் முழு உடம்பாலும் சுழற்றினாள். மட்டையின் காற்று என் முகமூடியில் பட்டது. பந்து மட்டைக்கு அடியில் இறங்கியது. தரைக்கு ஒரு விரற்கடை மேலே அது என் கையுறைக்குள் வந்து உட்கார்ந்தது.

நாங்கள் கட்டிப்பிடித்துக் கத்தி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது மண்மேடு காலியாக இருந்தது. அக்கா ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்.

கோப்பையை வாங்கிக்கொண்டு நாங்கள் துறைமுகத்துக்கே போனோம். நாகப்பட்டினத்துக் கேப்டனும் எங்களோடு ஏறிக்கொண்டாள். "அவங்கள ஒரு தடவ பக்கத்துல நின்னு பாக்கணும்" என்றாள். ஏலம் உச்சத்தில் இருந்தது. அக்கா கூட்டத்துக்கு நடுவில் கையை உயர்த்திக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்; எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் 'இருங்க' என்று சைகை செய்தார். அரைமணி நேரம் நின்றோம். பிறகு வந்து கோப்பையைக் கையில் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, "நல்லா ஆழமாதான் இருக்கு" என்று பக்கத்துப் பெட்டியிலிருந்து அதில் ஐஸை அள்ளித் தன் மீன்மேல் கொட்டினார். கேப்டன் கேட்டாள், "கடைசியாப் போட்டது என்ன பந்துக்கா?" அக்கா சிரித்தார். "சொன்னா அடுத்த வருசம் அடிச்சிடுவ."

அடுத்த வருடம் லீக் நடக்கவில்லை. மாஸ்டருக்குக் கேரளக் கரையிலுள்ள மாஹேவுக்கு மாற்றல் வந்துவிட்டது. நர்சுகளில் ஒருவர் கல்யாணமாகிப் போனார். கல்லூரிப் பெண்கள் படிப்பு முடித்துக் கலைந்தார்கள். நான் இன்னும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன்; தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்துவிட்டது. அக்காவுக்கு இப்போது ஐம்பது. அங்காடியில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வலது தோள் பிடித்துக்கொண்டது, கை காதுக்கு மேல் ஏறாது. தராசை இடது கையால் தூக்குகிறார். பக்கத்துக் கடைப் பெண்ணுக்கு அவர் பந்து எறிந்த கதை தெரியாது. நான் சொல்ல ஆரம்பித்தால் அக்கா, "வாங்குறதுன்னா வாங்கு, கத சொல்றதுன்னா அந்தாண்ட போய்ச் சொல்லு" என்பார்.

ஆனால் ஒரு கடிதம் வந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. மாஸ்டர் மாற்றலாகிப் போவதற்கு முன்பே புதுச்சேரி பேஸ்பால் சங்கத்துக்கு அக்காவின் பெயரை அனுப்பியிருந்தார், எங்கள் அலுவலக முகவரி போட்டு. கோப்பை வாங்கிய அதே வருடம், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில், மாநில அணித் தேர்வு முகாமுக்கு வரச் சொல்லி ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. நான் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அங்காடிக்கு ஓடினேன். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பத்து நாள் முகாம். தங்க இடம், சாப்பாடு, போக வர வண்டி. தேர்வானால் வெளி மாநிலங்களில் ஆட்டம். அக்கா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "போகல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், கணவரிடம் நான் பேசுகிறேன், பத்தே நாள்தானே என்று ஏதேதோ சொன்னேன். ஆசையே இல்லையா என்று கேட்டேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆசையில்லன்னு யாரு சொன்னா? ராத்திரி படுத்தா கை தானா பந்து எறியுது. அதான், தங்கச்சி, போகல. பத்து நாள் அங்க நின்னு எறிஞ்சிட்டா, திரும்பி வந்து இந்தக் கூடைய என்னால தூக்க முடியாது."

நான் கடிதத்தை மடிக்கத் தொடங்கினேன். அவர் கையைத் தண்ணீரில் அலசி, புடவையில் நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை வாங்கிப் பார்த்தார். எந்த இடத்தில் தன் பெயர் இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். இவ்வளவு நீளமாகவா இருக்கிறது என்றார். அப்பா பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "பேர மட்டும் இன்னொரு தடவ படி" என்றார்.

சுற்றிலும் கத்திகள் மரத்துண்டில் விழும் சத்தம், காக்கைகள், விலை கேட்கிறவர்களின் குரல். நான் எழுந்து நின்றேன். அங்காடி முழுவதும் கேட்கும்படி, அவர் பெயரைப் படித்தேன்.